புதுப்பிப்பு: அந்த பின்ஃபயர் ரிவால்வர் பிரான்ஸ் இல்லை, பெல்ஜியம்

எங்கே, எப்போது செய்தது என்று போன பதிவில் கேட்டிருந்தேனே, பழம்பொருள் சந்தையில் வாங்கிய, பெயர் பொறிக்காத பின்ஃபயர் (தோட்டாவின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் ஊசியை அடித்துச் சுடும் பழைய வகை) ரிவால்வர்? "1858 பிரெஞ்சு கடற்படை லெஃபோஷோ", அதாவது லெஃபோஷோ என்ற பிரெஞ்சுத் துப்பாக்கித் தயாரிப்பாளரின் கடற்படை மாதிரி என்று விற்றவர் அடித்துச் சொன்னார். தோட்டாக்கள் போடும் சுழல் உருளையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. விடை அங்கேதான் இருந்தது.

உருளையின் பின்முகத்தில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், ஒரு முட்டை வடிவக் கட்டம். அதற்குள் ஈ எல் ஜி எழுத்துகள், கீழே நட்சத்திரம். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் சோதனைச்சாலையின் முத்திரை! 1893 முதல் இந்த முட்டைக்கு மேல் கிரீடம் வரும், இதில் இல்லை. பக்கத்தில் அங்கே சோதித்த அலுவலரின் குறி: ஓர் எழுத்து, அதன் மேல் நட்சத்திரம். 1877 வரை அந்த இடத்தில் கிரீடம்தான் இருக்கும். ஆக, 1877க்கும் 1893க்கும் இடைப்பட்ட சரக்கு. லெஃபோஷோ பாணியில் லியேஜ் பட்டறைகள் ஏராளமாகச் செய்து தள்ளியவற்றில் ஒன்று.

விலை? லெஃபோஷோ பெயரும் கடற்படை முத்திரையும் உள்ளதோடு இதை ஒப்பிடவே முடியாது. அதைவிடப் பெரிய அடி, யாரோ புண்ணியவான் எமரித் தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறார். சட்டத்தின் (உருளையைத் தாங்கும் உடற்பகுதியின்) விளிம்புகள் மழுங்கிவிட்டன, பழுப்பேறிய பழைய மேற்பரப்பு போயே போச்சு. சேகரிப்பாளர்கள் காசு கொடுப்பதே அதற்குத்தான். நல்லவேளை, உருளையிலும் சட்டத்திலும் ஒரே எண், உருளை மாற்றப்பட்டதாகத் தெரியவில்லை.

மறுபடி நீலச்சாயம் (எஃகின் மேல் வரும் கருநீல மேற்பூச்சு) ஏற்றலாமா என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம். லேசாக எண்ணெய் தடவி அப்படியே வைத்திருக்கிறேன். விற்கும் எண்ணம் இல்லை.