பின்லாந்துக் குளிரில் டிஸ்க் கோல்ஃப்: நம் ஊர்த் தட்டுகள் தாங்குமா?

தெம்பனிஸ் எறிவாளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தட்டை வீசிச் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் விளையாட்டை ஈராண்டுகளாகப் பழகி வருகிறேன். சனிக்கிழமைக் காலைகளில் சிங்கப்பூரில் என் வீட்டருகே உள்ள திடலில் மடக்குக் கூடை ஒன்றை நிறுத்தி, வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் வீசுவதுதான் என் பயிற்சி. வரும் ஜனவரியில் வேலை நிமித்தமாக ஆறு மாதங்களுக்கு ஹெல்சிங்கி செல்கிறேன். அங்கே இந்த விளையாட்டை ஃபிரிஸ்பீகோல்ஃப் என்று அழைக்கிறார்கள் என்றும், மெய்லாஹ்தி போன்ற இடங்களில் பனிக்காலத்திலும் ஆட்டம் தொடர்கிறது என்றும் அறிந்ததிலிருந்து மனம் அங்கேயே இருக்கிறது.

ஆனால் 25 டிகிரி செல்சியசுக்குக் கீழே நான் ஒரு தட்டைக்கூட வீசியதில்லை. இங்கே என் தொல்லையெல்லாம் வியர்வையும் திடீர் மழையும்தான். என்னிடம் உயர்தரப் பிளாஸ்டிக்கில் ஆன 175 கிராம் டிரைவர் (நெடுந்தூரத் தட்டு) ஒன்றும், மிட்ரேஞ்ச் (நடுத்தூரத் தட்டு) ஒன்றும், அடிப்படைப் பிளாஸ்டிக்கில் ஆன வெள்ளை ஏவியார் புட்டர் (கூடைக்கு அருகிலிருந்து வீசும் தட்டு) ஒன்றும் இருக்கின்றன. உறைநிலைக்குக் கீழே இவை மரத்தில் பட்டால் உடைந்துவிடுமா? பறக்கும் விதம் மாறுமா? புதிதாக எதையும் வாங்க வேண்டுமா?

ஜூரோங் வார்ப்பாளர்:

பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். பிளாஸ்டிக் போன்ற எந்தப் பலபடிப் (பாலிமர்) பொருளும் குளிரக் குளிர இறுகும். அதன் மூலக்கூறுச் சங்கிலிகளின் அசைவு குறைவதால் வளையும் தன்மையும் அடியைத் தாங்கும் தன்மையும் சேர்ந்தே குறைகின்றன. உயர்தரத் தட்டுகள் பெரும்பாலும் வெப்பநெகிழ் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் சங்கிலிகளில் உள்ள மென்மையான பகுதிகள் கண்ணாடிபோல் விறைக்கும் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு நன்றாகக் கீழே இருப்பதால், 5 டிகிரியில் ஓரளவு, மைனஸ் 10இல் இன்னும் அதிகம் என்று படிப்படியாகவே கடினமாகும். எனவே ஹெல்சிங்கியின் வழக்கமான ஜனவரியில் தட்டு வீசியவுடன் நொறுங்கும் என்று அஞ்ச வேண்டாம். மைனஸ் 15, 20 என்று இறங்கும் நாளில் உறைந்த மரத்தண்டில் நேராக மோதினால் விளிம்பில் விரிசல் விழுவது நடக்கக்கூடியதுதான். அந்த நாளுக்கென்று இழந்தால் வருத்தப்படாத ஒரு பழைய தட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் என் தட்டுகள் இரண்டை மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் வீட்டு உறைபெட்டியில், வஞ்சிரம் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில், ஓர் இரவு வைத்து எடுத்துப் பார்த்தேன். மென்மையான புட்டரை இரு கட்டைவிரல்களாலும் அழுத்தினால் அப்போதும் சற்று வளைந்தது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உயர்தர டிரைவரோ பீங்கான் தட்டுபோல் விறைத்து, நகத்தால் தட்டியபோது ‘டக்’ என்று வேறொரு ஒலியைத் தந்தது. விரல்கள் அழுந்தி இடம்பிடிக்கும் அந்த மெல்லிய இசைவு அதில் அறவே இல்லை. குளிரில் தட்டு கையில் வழுக்குகிறது என்று சொல்வதன் காரணம் இதுதான் என்று கருதுகிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். வெளியே எடுத்த ஒரு நிமிடத்துக்குள் நம் ஊர் ஈரப்பதம் தட்டு முழுவதும் முத்துமுத்தாகப் படிந்துவிட்டது. ஏறத்தாழக் கால் மணி நேரத்தில் நடுப்பகுதி பழைய மென்மைக்குத் திரும்பிவிட்டது. டிரைவரின் தடித்த விளிம்புக்குத்தான் கூடுதல் நேரம் பிடித்தது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: வீட்டில் வைத்துச் சூடாக்கிய தட்டும் அங்கே வெளியில் அதே வேகத்தில் குளிர்ந்துவிடும். ஆகவே எல்லாத் தட்டுகளையும் சூடாக வைத்திருக்கப் பாடுபடுவது வீண். புட்டரை மட்டும் மேலங்கிக்குள் வைத்திருந்து, கூடையை நெருங்கியதும் எடுத்தால் போதும்.

இயற்பியல் ஆசிரியை:

பறக்கும் விதத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஒரே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி கெல்வின் வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 30 டிகிரி என்பது 303 கெல்வின், பூஜ்ஜியம் என்பது 273 கெல்வின். ஆக உறைநிலைக் காற்று நம் காற்றைவிட ஏறத்தாழ 11 விழுக்காடு அடர்ந்தது. நீராவி உலர்காற்றைவிட இலேசானது என்பதால், சிங்கப்பூரின் ஈரக் காற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் ஒரு விழுக்காடு கூடும். தட்டைத் தூக்கும் விசை, அதைப் பின்னிழுக்கும் விசை, சாய்க்கும் திருப்புவிசை ஆகிய மூன்றும் அடர்த்தியோடு சேர்ந்தே வளர்கின்றன. அதே வேகத்தில் வீசினால், வலக்கைக்காரரின் பின்கை (பேக்ஹேண்ட்) வீச்சில் தட்டு தொடக்கத்தில் வலப்புறம் கூடுதலாகத் திரும்பும், வேகத்தை விரைவில் இழக்கும், இறுதியில் இடப்புறம் விழும் சரிவும் கூடும்.

‘அதே வேகத்தில் வீசினால்’ என்ற சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கனத்த மேலங்கியும் இறுகிய தசைகளுமாக அந்த வேகம் வராது. வேகம் குறைந்தால் வலப்புறத் திருப்பம் மறைந்து, இடப்புறச் சரிவு மட்டும் துலக்கமாகத் தெரியும். எனவே எடை குறைந்த, எளிதில் திரும்பக்கூடிய டிரைவர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது பயன் தரும். 160 கிராம் அளவில் இருந்தால் நல்லது.

தாம்பரேயில் இருந்தவர்:

தம்பி, பின்லாந்தின் தாம்பரே நகரில் இரண்டு பனிக்காலங்கள் இருந்துவிட்டு ஈசூனுக்குத் திரும்பியவன் நான். மேலே இருவரும் சொன்னவை சரியே. ஆயினும், நீங்கள் தட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் உங்கள் கையைப் பற்றிக் கவலைப்படுகிறேன். குளிரில் விரல்களுக்குப் போகும் இரத்தம் குறைந்து, தொடு உணர்வு மழுங்கிவிடும். தட்டு கையை விட்டு நழுவும் கணத்தைத் தீர்மானிப்பது அந்த உணர்வுதான். முதல் ஜனவரியில் நான் எல்லாவற்றையும் இடப்புறமும் வானத்துக்குமாக வீசிக்கொண்டிருந்தேன். தட்டு கடினமாகிவிட்டது என்று எண்ணி இரண்டு புதிய தட்டுகளை வாங்கினேன், மாற்றமே இல்லை. பிறகு, வீசும் கைக்கு மட்டும் ஐந்து விரல்களும் ஒன்றாகக் கிடக்கும் தடித்த பையுறையை மாட்டி, அதனுள் இரும்புத்தூள் அடைத்த கைச்சூடு பொட்டலத்தை வைத்து, வீசும் நேரத்தில் மட்டும் கழற்றி வீசினேன். அன்றே ஆட்டம் திரும்பி வந்தது.

தட்டைச் சூடாக எடுத்துச் செல்வதில் அங்கே இரு கட்சிகள் உண்டு. நான் குளிர்ந்த தட்டின் கட்சி. வெதுவெதுப்பான தட்டு பனியில் விழுந்தால் அதன்மேல் பனி உருகி, அடுத்த சில நிமிடங்களில் விளிம்பின் உட்புறம் பனிக்கட்டி வளையமாக உறைந்துவிடும். அதை நகத்தால் சுரண்டி எடுக்கும் துன்பம் சொல்லி முடியாது. முன்கூட்டியே வெளிக்குளிருக்குப் பழகிய தட்டில் விழும் உலர்பனியைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். புட்டருக்கு மட்டும் வார்ப்பாளர் சொன்ன விதிவிலக்கை ஏற்கிறேன், ஏனெனில் அது பெரும்பாலும் சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழுகிறது, பனிக்குள் அல்ல.

அடுத்தது, தொலைப்பது. புதுப்பனியில் தட்டு கத்திபோல் செருகி, மேலே ஒரு கீற்று மட்டும் விட்டுவிட்டு மறைந்துவிடும். வெள்ளைப் புட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு, இளஞ்சிவப்போ அடர்நீலமோ வாங்கிக்கொள்ளுங்கள். தட்டின் அடிப்புறத்தின் நடுவில் ஒரு நாடாவை ஒட்டி வீசுவது அங்குள்ளோர் வழக்கம்; தட்டு புதைந்தாலும் நாடா மேலே கிடக்கும். போட்டியில் ஆடுவதாக இருந்தால் அதற்கு அனுமதி உண்டா என்று நடத்துபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். டிசம்பர் இறுதியில் ஹெல்சிங்கியில் பிற்பகல் மூன்றேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜனவரியிலும் வேலை முடிந்து ஆட நினைத்தால் தட்டில் ஒட்டும் சிறு விளக்கு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காலணி. வீசுமிடம் மிதிபட்டு மிதிபட்டுக் கண்ணாடியாகிக் கிடக்கும். இங்கே ஓடிவந்து கால் மாற்றி வீசும் பழக்கத்தை அங்கே முதல் நாளே தொடராதீர்கள். காலணிமேல் மாட்டும் முள்பட்டை வாங்குங்கள். அதை மாட்டியிருந்தாலும் முதல் வாரம் நின்ற இடத்திலிருந்தே வீசுங்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் இதைக் கேட்காமல் மணிக்கட்டை முறித்துக்கொண்டு அந்தப் பருவம் முழுவதும் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு மட்டுமே நின்றார்.

தெம்பனிஸ் எறிவாளர்:

அண்ணன் சொன்னதைச் சோதிக்க நேற்றிரவு பனிக்கட்டி மிதந்த நீரில் வலக்கையை ஒரு நிமிடம் வைத்திருந்து, துடைத்துவிட்டு, மாடிக்குக் கீழே உள்ள புல்வெளியில் பத்து மீட்டர் தொலைவிலிருந்து புட்டரைக் கூடைக்கு வீசிப் பார்த்தேன். வழக்கமாகப் பத்தில் ஏழு விழும். நேற்று இரண்டு விழுந்தன. தட்டும் காற்றும் நம் ஊருடையவையாகவே இருந்தும், விளிம்பு எங்கே இருக்கிறது என்றே விரல் நுனிக்குத் தெரியவில்லை. நான் தவறான பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன் என்று புரிந்துகொண்டேன்.

டிரைவரையும் மிட்ரேஞ்சையும் எடுத்துச் செல்கிறேன். எடை குறைந்த டிரைவரையும் இளஞ்சிவப்பு மென்புட்டரையும் அங்கேயே வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: நாடா எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? பறப்பதைக் கெடுக்காதா?

தாம்பரேயில் இருந்தவர்:

நான் ஒரு மீட்டர் வைத்திருந்தேன். அகலம் விரல் அளவு, பளபளப்பான துணி நாடா. சற்று இழுக்கும், கொஞ்சம் தூரம் குறையும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். சரியாக நடுவில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தட்டு தள்ளாடும். ஒட்டும் வேலையை வீட்டுக்குள் முடித்துவிடுங்கள். உறைந்த பிளாஸ்டிக்கில் பசைநாடா பிடிக்காது.