கடையில் பில் போட்ட பிறகும் வாசல் அலாரம் அடித்தால்?

கேள்வி: ரசீது கையில் இருந்தும் அலாரம் அடித்து, செக்யூரிட்டி திருட்டுச் சந்தேகத்தில் நிறுத்துகிறார். என்ன செய்வது?

பதில் 1: முதலில் அங்கேயே நில்லுங்கள், நடையைக் கூட்டினால் சந்தேகம் வலுக்கும். பையை மட்டும் கேட் வழியே நீட்டச் சொல்லுங்கள், பிறகு பை இல்லாமல் நீங்கள் நடங்கள். பையில் அடித்தால் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எந்தப் பொருளில் ஒட்டிய திருட்டுத் தடுப்பு லேபிள் அடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

பதில் 2: இந்த லேபிள்கள் பெரும்பாலும் 8.2 மெகாஹெர்ட்ஸ் அல்லது 58 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் வகை. அவற்றைச் செயலிழக்கச் செய்ய கவுன்டரில் உள்ள பேடில் பொருள்களை அடுக்கி வைத்தால் மேலே இருப்பது செயலிழக்காமல் தப்பிவிடலாம். குற்றம் உங்களுடையது அல்ல, கவுன்டரின் அவசரம். வேறு கடையில் வாங்கிய ஷூ, பர்ஸுக்குள் ஒளிந்திருக்கும் லேபிளாலும் அலாரம் அடிக்கலாம்.

கேட்டவர்: உடம்பைச் சோதிக்க வேண்டும் என்றால்?

பதில் 3: சம்மதிக்காதீர்கள். மேனேஜரை அழைக்கச் சொல்லுங்கள், பிடிவாதம் பிடித்தால் போலீஸை. அவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அது ஒப்புதல் வாக்குமூலமாக இருக்கலாம். சிசிடிவி பதிவு நாளடைவில் தானாக அழிந்துவிடும். அன்றைக்கே தேதி, நேரம், எந்த வாசல், பில் எண் எழுதி, பதிவைப் பத்திரப்படுத்தும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள்.