‘வயசானா அப்படித்தான்’ என்று சொல்லாத மருத்துவர்கள்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

வடசேரிக்காரன்:

மறதி, சந்தேகம், ராத்தூக்கம் கெடுவது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது. வீட்டுப் பெரியவர்களுக்கு இதில் எது வந்தாலும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலில் காதில் விழுவது ‘வயசானா அப்படித்தான்’. கொஞ்சம் முற்றினால் ‘ஊளம்பாறைக்குக் கொண்டு போ’ என்பார்கள், திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரியைத்தான் அப்படிச் சொல்வார்கள். இப்படி இரண்டில் ஒன்றாகத் தள்ளிவிடாமல், உட்கார வைத்து விசாரித்த மருத்துவரை நீங்கள் பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள்.

என்னை எழுத வைத்தவர் திலீப் ஜெஸ்தே. மகாராஷ்டிரத்தில் பிறந்து, புனேயில் மருத்துவம் படித்து, அமெரிக்கா போய், சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதியோர் மனநலப் பிரிவை வளர்த்தெடுத்தவர். 2012-13இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் தலைவர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசிய அமெரிக்கர் அவர்தான். பதவியெல்லாம் சரி, எனக்கு முக்கியமாகப் பட்டது 1995இல் அவர் குழு வெளியிட்ட ஓர் ஆய்வு. 45 வயது தாண்டியவர்களுக்குப் பழைய வகை மனநோய் மாத்திரைகள் கொடுத்தால், ஒரே ஆண்டில் 26 சதவீதம் பேருக்கு வாய், நாக்கு, தாடை தானாக அசையும் கோளாறு வருகிறது. மூன்று ஆண்டில் அது 60 சதவீதம். இளவயதுக்காரர்களுக்கு ஆண்டுக்கு ஐந்து சதவீதம் அளவில்தான் வரும். வயதானவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும் என்று அவர் விடாமல் சொல்லி வந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இது எனக்குப் புரியக் காரணம் என் அத்தை. மாமா இறந்த பிறகு, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே குசுகுசுவென்று பேசுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். ஓர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதை வருஷக்கணக்கில் அப்படியே வாங்கிப் போட்டோம். பிறகு அத்தையின் வாய் எந்நேரமும் மெல்ல ஆரம்பித்தது. வெற்றிலையை எப்போதோ விட்டவர், பழைய பழக்கம் போகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.

நாகர்கோவிலில் ஒரு மூத்த மனநல மருத்துவர்தான் அந்த அசைவைக் கவனித்துப் பார்த்தார். “அம்மா, பல்செட் உண்டா? எங்கயாவது உறுத்துதா?” என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் வாயைத் திறந்து நாக்கை அசையாமல் வைக்கச் சொன்னார். நாக்கு நிற்கவில்லை, புழு மாதிரி நெளிந்தது. அடுத்து, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். கை வேலையில் அத்தையின் கவனம் போனதும் வாய் அசைவு இன்னும் கூடியது. மாத்திரையைப் பார்த்ததும் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லி, படிப்படியாகக் குறைத்தார்.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை திரும்பவே இல்லை. காது சரியாகக் கேட்கவில்லை! பக்கத்து வீட்டார் சாதாரணமாகப் பேசியதே அவருக்குக் குசுகுசுப்பாக இருந்திருக்கிறது. காது மெஷின் வைத்த பிறகு சந்தேகம் முழுக்கப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் அடங்கியது.

தக்கலை ரோஸ்:

அண்ணே, எங்க அம்மாச்சி பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவர். மண்டே மார்க்கெட்டில் வாழைக்குலை வியாபாரம். முதலில் பார்த்த இடத்தில் தேதி கேட்டார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பேனாவையே பிடிக்கத் தெரியாதவருக்கு மார்க் என்ன வரும்? மறதி நோய் முற்றிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம் பார்த்த டாக்டர், இந்தத் தொல்லைக்காகவே 10/66 என்று ஓர் ஆய்வுக் குழு இருப்பதாகச் சொன்னார். 1998இல் கொச்சியில் உருவானது. உலகில் மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் வளரும் நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றி நடந்த ஆய்வு பத்து சதவீதம்கூட இல்லை, அதனால்தான் அந்தப் பெயர். படிக்காதவர்களைத் தவறாக நோயாளி ஆக்காத சோதனை முறையை அவர்கள் உருவாக்கினார்கள்.

அந்த டாக்டர் அம்மாச்சியிடம், “ஒரு நிமிசத்துக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்ச வாழை எல்லாம் சொல்லுங்க பாப்போம்” என்றார். அம்மாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். “மட்டி, செந்துளுவன், ஏத்தன், பாளையங்கோட்டான், ரசகதலி...” என்று மார்க்கெட்டில் நிற்கிற மாதிரியே வந்தது. பிறகு மறுபடி மட்டி. கொஞ்சம் யோசித்து, செந்துளுவன். மறுபடி மட்டி. முன்னமே சொன்னது அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

டாக்டர் வெளியே வந்து சொன்னார்: நோய் இருக்கிறது, ஆனால் ஆரம்பம்தான், எழுதிக் கொடுத்த அளவுக்கு இல்லை. அந்த வித்தியாசத்தால் அம்மாச்சிக்கு இன்னும் சில வருஷம் அடுக்களை கிடைத்தது. முதல் சீட்டை நம்பியிருந்தால் அன்றே கட்டிலில் உட்கார வைத்திருப்போம்.

குளச்சல் தாசன்:

சுருக்கமாக ஒன்று. அப்பா ஒரு நாள் திடீரென்று என்னைத் தம்பி என்று கூப்பிட்டு, வள்ளம் இறக்கணும் என்று ராத்திரி எழுந்து போனார். முந்தின வாரம்வரை கணக்கு வழக்கு எல்லாம் சரியாகப் பார்த்தவர். டூட்டியில் இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது, “இது எப்ப ஆரம்பிச்சது, மாசக்கணக்கிலா, நாள்கணக்கிலா?” பிரஷருக்குக் கொடுத்த மாத்திரையால் சோடியம் குறைந்திருந்தது. சரிசெய்ததும் அப்பா பழைய அப்பா. திடீரென்று வரும் குழப்பம் வேறு, மெல்ல வரும் மறதி வேறு. திடீரென்று வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும், காத்திருக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற நர்ஸ்:

வேலை பார்த்த காலத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். முதியோரை மட்டும் பார்க்க ஒரு மருத்துவத் துறை வேண்டும் என்பதே தமிழ்நாட்டில் நீண்ட போராட்டம். வி.எஸ். நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் முதியோர் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்டவர்கள் போட்ட பாதையில் வந்த ஒரு மருத்துவரிடம் நான் வேலை செய்தேன். நோயாளியைப் பார்த்து முடித்ததும், கூட வந்த மகளையோ மருமகளையோ தனியாகக் கூப்பிட்டு, “நீங்க தூங்குறீங்களா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கே அழுதவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. மறதி நோயாளி சாயங்காலம் ஆனதும் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று அடம்பிடித்தால் உடனே தூக்க மாத்திரை, மனநோய் மாத்திரை கேட்காதீர்கள். மனநோய் மாத்திரைகள் மறதி நோய் உள்ள முதியவர்களில் மரண ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005லேயே எச்சரித்தது. முதலில் வலி, மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு, பசி பாருங்கள். பாதி நேரம் அதில்தான் காரணம் இருக்கும்.

குலசேகரம் வாத்தியார்:

ஜெஸ்தே பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஒன்றில் மாறுபடுகிறேன். 2016இல் அவர் குழு சான் டியாகோவில் 1,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், வயது கூடக்கூட உடல் தளர்ந்தாலும் மனநலம் மேம்படுகிறது என்று கண்டார்கள். இருபதுகளில் இருப்பவர்களுக்குத்தான் மனஅழுத்தமும் பதற்றமும் அதிகம். முதுமையைச் சரிவாக மட்டும் பார்த்த மருத்துவத்துக்கு இது பெரிய மாற்றம், அதற்காக அவரை மதிக்கிறேன்.

ஆனால் எங்கள் ரப்பர் தோட்டப் பக்கம் வந்து பாருங்கள். பிள்ளைகள் வளைகுடாவிலும் கனடாவிலும். மாடி வீட்டில் இரண்டு கிழங்கள், அல்லது ஒன்று. அங்கே கண்டதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஜெஸ்தேயும் பின்னாட்களில் தனிமையைத்தான் அதிகம் ஆராய்ந்தார் என்பதைக் கவனியுங்கள். தெற்கு இத்தாலியின் சிலென்டோ பகுதி முதியவர்களையும் சான் டியாகோக்காரர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், மற்றவர்மேல் பரிவு உள்ளவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவு என்று வந்தது. அது நம்ம ஊருக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். ரப்பர் வெட்டை நிறுத்திய என் கூட்டாளி ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மலையாளம் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். ஆள் தெளிவாக இருக்கிறார்.

தக்கலை ரோஸ்:

வாத்தியார் சார், மறதி நோய்க்கான காரணங்களின் பட்டியலிலும் தனிமை இருக்கிறது. கில் லிவிங்ஸ்டன் தலைமையிலான, லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் சொன்ன 14 காரணங்களில் ஒன்று அது. காது கேளாமை, கண்புரை மாதிரியான பார்வைக் குறை, பிரஷர், சுகர், கெட்ட கொழுப்பு எல்லாம் அதில் வரும். எல்லாவற்றையும் கவனித்தால் உலகில் வரும் மறதி நோயில் 45 சதவீதம்வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. வடசேரி அண்ணே, அத்தை இப்போதும் மெஷின் வைக்கிறார்களா? எங்க மாமனார் இரைச்சல் தாங்காமல் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார்.

வடசேரிக்காரன்:

வைக்கிறார்கள் ரோஸ். முதலில் அவரும் கழற்றினார். வாங்கிய இடத்துக்கே மறுபடி கூட்டிக்கொண்டு போய்ச் சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொன்னோம். முதல் வாரம் வீட்டுக்குள் ஒருவர் மட்டும் பேசும்போது காலையில் கொஞ்ச நேரம், அப்புறம் மெல்லக் கூட்டினோம். கல்யாண வீட்டுக்கு இன்னும் போட்டுக்கொண்டு போவதில்லை. மாமனாரை அழைத்துப் போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். போக முடியாத நாளில் 14416க்கு அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவியில் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கென்று தனி எண் 14567.