பிளக்கில் செருகும் பவர் சேவர்: கரண்ட் பில் குறையுமா?

கேள்வி:
பொருட்காட்சியில் பவர் சேவர் டெமோ காட்டினார்கள். சோக் போட்ட 40 வாட் டியூப்லைட்டுக்கு அம்மீட்டரில் 0.43 ஆம்பியர், பெட்டியைச் செருகியதும் 0.23 ஆனது. அப்படியென்றால் பில்லும் குறையத்தானே வேண்டும்? எங்களுக்கு (தமிழ்நாடு) இரண்டு மாதத்துக்கு 520 யூனிட் வருகிறது.

பதில்:
ஆம்பியர் இறங்கியது உண்மைதான் சார். ஆனால் யூனிட் இறங்காது. பெட்டிக்குள் இருப்பது 4 மைக்ரோ ஃபாரட் வாக்கில் ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கித் திருப்பிக் கொடுக்கும் பாகம்), ஒரு எல்இடி, ஒன்றிரண்டு ரெசிஸ்டர், அவ்வளவுதான். சோக் தன் காந்தப்புலத்துக்காக லைனிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை வாங்கி, நொடிக்கு நூறு தடவை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டர் வந்ததும் அந்தக் கொடுக்கல் வாங்கல் அவை இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வீட்டு மீட்டரோ இதை முன்பும் யூனிட்டாக எண்ணியதில்லை. 230 × 0.43 = 99 வாட் என்று பெருக்கிக் காட்டுவதில்தான் ஏமாற்றே இருக்கிறது. டியூப்பும் சோக்கும் சேர்ந்து இழுப்பது சுமார் 50 வாட். பெட்டி செருகினாலும் அதே 50. பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) குறைந்தால் அபராதம் கட்டும் ஆலைகளுக்குக் கெப்பாசிட்டர் லாபம். வீட்டு பில்லில் அந்தக் கணக்கே கிடையாது.

இன்னொரு பதில்:
நீங்களே சோதிக்கலாம். மீட்டரில் சிமிட்டும் சிவப்பு எல்இடி பக்கத்தில் 3200 என்று இருந்தால், 3200 சிமிட்டல் ஒரு யூனிட். ஒரு ஃபேன் தவிர எல்லாவற்றையும் அணையுங்கள், முக்கியமாக ஃபிரிட்ஜை. கம்ப்ரசர் நடுவில் ஓடினால் கணக்கு கெட்டுவிடும். 75 வாட் ஃபேன் என்றால் 15 நொடிக்கு ஒரு சிமிட்டல். பெட்டியைச் செருகிவிட்டு மறுபடி எண்ணுங்கள், அதே 15 நொடிதான் வரும். ஃபேனையும் நிறுத்திய பிறகு சிமிட்டினால் ஸ்டாண்ட்பையில் ஏதோ ஓடுகிறது, இல்லையென்றால் லீக்கேஜ். வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்டியைப் பிடுங்கியதும் பின்னைத் தொடாதீர்கள். சார்ஜை இறக்கும் ரெசிஸ்டர் இல்லாத மலிவுப் பெட்டி ஷாக் அடிக்கும். ஃபியூஸும் இல்லாவிட்டால், கெப்பாசிட்டர் ஷார்ட்டாகும்போது பிளாஸ்டிக் உருகும்.

கேள்வி கேட்டவர்:
அப்போ 500க்குள் கொண்டுவர என்ன வழி?

பதில்:
அதிக நேரம் ஓடும் ஃபேனை மாற்றுங்கள். 75 வாட்டுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டாரில் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது) போட்டால், தினம் 12 மணி நேரம் வீதம் 60 நாளில் 32.4 யூனிட் மிச்சம். ஒரே ஃபேனில் 500க்குள் வந்துவிடும். 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை கூடிவிடும், அதனால் அந்த 20 யூனிட்டின் விலையைவிட அதிகமாகவே பில் குறையும். மாட்டும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சுவிட்சிலிருந்து நேராக லைன் கொடுங்கள். ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடும்.