ஜேர்மன் நிரந்தர விசா: ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் நின்றால் போய்விடுமா? உதவி தேவை

கேள்வி (விசுவமடு)

வணக்கம். அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், ஜேர்மனியில் இருக்கும் அண்ணா மார்கழி 12 ஆம் திகதி வந்தார். 1992 இல் போனவர், இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். அங்கே நிரந்தர விசா இருக்கிறது. ஆடியில் அம்மாவுக்கு இன்னொரு சத்திரசிகிச்சை. அதுவரை நிற்க விரும்புகிறார். ஆனால் ஆறு மாதம் தாண்டினால் நாடு கடத்திவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மனிசன் சரியாகச் சாப்பிடுவதில்லை. “என்னாலதானே” என்று அம்மா அழுகிறா. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (புதுக்குடியிருப்பு)

தம்பி, நாடு கடத்துவது வேறு, விசா செத்துப்போவது வேறு. இத்தனை வருடம் சட்டப்படி இருந்த ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால், குற்றம் போன்ற பாரதூரமான காரணம் வேண்டும். அப்போதும் அவர் அங்கே வாழ்ந்த காலம், குடும்பம், ஊருடன் உள்ள தொடர்பு எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். தாயைப் பார்க்க வந்தவரை யாரும் அப்படித் துரத்த மாட்டார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது மற்றதுக்கு. அது கடிதம்கூட வராமல் தானாகவே போய்விடும். எங்கள் சித்தப்பாவுக்கு அது விமான நிலையத்தில்தான் தெரிந்தது.

பதில் (கிளிநொச்சி ஆள், இப்போது ஜேர்மனி)

அக்கா சொல்வது சரி. முதலில் அண்ணாவின் விசாக் கார்டைப் பாருங்கள். ‘நீடர்லாசுங்ஸ்’ என்று தொடங்கினால் அது ஜேர்மனியின் நிரந்தர வதிவிட அனுமதி. அதற்குப் பொது விதி 6 மாதம். ‘டவுவர்ஆவுஃபென்ட்ஹால்ட்’ என்றால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வதிவிடம். அதற்கு ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் இருந்தால்தான் சிக்கல். அதற்குள் சில நாள் போய் நின்றாலே போதும் என்று 2022 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிக் கார்ட், பலர் இதில்தான் பிழைவிடுகிறார்கள்.

முதல் வகை என்றாலும் வழி உண்டு. 15 வருடம் சட்டப்படி இருந்து, தன் செலவைத் தானே பார்க்கக்கூடியவராகவும் வெளியேற்றக்கூடிய குற்றம் எதுவும் இல்லாதவராகவும் இருந்தால், ஆறு மாதம் தாண்டியும் அனுமதி அழியாது. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்கவேண்டாம். அவருடைய நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இப்போதே எழுதி, அனுமதி தொடர்கிறது என்ற சான்றிதழ் கேளுங்கள். கூடவே, திரும்பும் காலத்தை நீட்டித் தரவும் கேட்கலாம். அம்மாவின் வைத்திய அறிக்கையை மொழிபெயர்ப்புடன் வையுங்கள். அங்குள்ள வீட்டை விடவேண்டாம், முகவரிப் பதிவையும் வெட்டவேண்டாம். விட்டால் நிரந்தரமாகப் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கேட்டவர்

கார்டைப் பார்த்தோம், முதல் வகை. வேலை இருக்கிறது, முதலாளி சம்பளமில்லா விடுமுறை தந்திருக்கிறார். வீட்டு வாடகையும் கட்டுகிறார். எங்கள் அக்காவின் மகள் டொச் மொழியில் மின்னஞ்சல் எழுதித் தந்தாள், இன்று காலை அனுப்பிவிட்டோம். ஒரு சந்தேகம்: ஆனி 12 க்குள் பதில் வராவிட்டால்?

பதில் (ஜேர்மனி)

சான்றிதழ் கையில் இல்லாமல் அந்தத் திகதியைத் தாண்ட விடாதீர்கள். ஆனி முதல் கிழமைக்கு ரிக்கெற் ஒன்றைப் பிடித்து வையுங்கள், திகதி மாற்றக்கூடியதாக. பதில் வந்தால் மாற்றலாம். வராவிட்டால் போய் நேரில் கேட்டுவிட்டு, ஆடியில் சிகிச்சைக்குத் திரும்பி வரட்டும்.

கேட்டவர்

சரி அண்ணா. அப்படியென்றால் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மாவோடு நிற்பார். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.