பெற்றோர் கையில் பணம் கொடுத்தால் இடைநிற்றல் குறையுமா?

வரப்போரம்:
கிராமத்துப் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடாமல் இருக்கக் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும் திட்டங்கள் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காசில் ஆசிரியர்களைப் போடுங்கள், பள்ளியைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். காசு கொடுத்தால்தான் பிள்ளை வரும் என்றால் கோளாறு பள்ளியில் இருக்கிறது.

கரும்பலகை:
வீட்டு வரவு செலவிலும் இருக்கிறதே. கட்டணமே இல்லாவிட்டாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போனால் அது கொண்டுவரும் கூலி நின்றுவிடும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. 1997இல் மெக்சிகோ தொடங்கிய புரோகிரெசா என்ற பண உதவித் திட்டம் இதைக் கணக்கில் எடுத்துதான் போடப்பட்டது. வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது, இடைநிலை வகுப்பில் பெண் பிள்ளைக்குக் கூடுதல், பணம் தாயின் கைக்குப் போனது. ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் குலுக்கல் முறையில் 320க்கு முதலிலும் மீதி 186க்குப் பிறகும் கொடுத்ததால் நேராக ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. தொடக்கப் பள்ளியில் பெரிய மாற்றம் இல்லை, அங்கே ஏற்கெனவே பெரும்பாலும் எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பு முடித்து ஏழுக்குப் போகிற இடத்தில்தான் சேர்க்கை நன்றாக உயர்ந்தது, அதுவும் பெண் பிள்ளைகளிடம் அதிகமாக.

வரப்போரம்:
சரி, சேர்ந்தார்கள். படித்தார்களா? கம்போடியாவில் உதவித்தொகை கொடுத்துப் பார்த்தபோது சேர்க்கையும் வருகையும் கூடின, தேர்வு வைத்துப் பார்த்தால் மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெரியவில்லை. அப்புறம் அந்த நிபந்தனை. புரோகிரெசாவில் 85 சதவீத வருகை இருந்தால்தான் பணம் வந்தது. நோயில் கிடக்கிற தாய், வெள்ளத்தில் மூழ்கிய பாதை, இதெல்லாம் வருகைப் பதிவேட்டில் வராது. அந்த மாதம் யாருக்குப் பணம் ரொம்பத் தேவையோ அவர்களுக்குத்தான் நின்றுபோகும். ஏழையைச் சந்தேகப்படுகிற விதி இது, எனக்குக் கோபம் வருவதே இதில்தான்.

தூரத்துப்பள்ளி:
இடையில் வருகிறேன். நிபந்தனை இல்லாமலும் செய்யலாம், மொராக்கோவின் தைசீர் திட்டத்தைப் பாருங்கள். சிறிய தொகைதான். வருகைக் கட்டாயம் இல்லாத பிரிவில் “இது பிள்ளையின் படிப்புக்கு” என்று சொல்லிக் கொடுத்தார்கள், பெயர் பதிந்தது பள்ளியில், தலைமையாசிரியர் மூலம். அதிலேயே இடைநிற்றல் நன்றாகக் குறைந்தது, நிபந்தனை சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, தாயிடம் கொடுத்தாலும் தந்தையிடம் கொடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை.

கரும்பலகை:
எல்லா இடத்திலும் அப்படி இல்லையே. மலாவியில் வளரிளம் பெண்களிடம் இரண்டு முறையையும் வைத்துப் பார்த்தார்கள், பள்ளியில் நிற்க வைத்தது நிபந்தனை உள்ள பணம்தான்.

தூரத்துப்பள்ளி:
அதே ஆய்வில் இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் குறைந்தது நிபந்தனை இல்லாத பிரிவில், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படிப்பை விட்ட பெண்ணுக்கும் பணம் தொடர்ந்து வந்ததால் அவசரக் கல்யாணத்துக்குத் தள்ளப்படவில்லை. நிபந்தனை போட்டால் அந்தப் பெண்ணை யார் பார்ப்பது?

கரும்பலகை:
அந்தப் பெண்ணின் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். அப்படியானால் வருகை குறைந்ததும் பணத்தை வெட்டாமல், முதலில் ஒருவர் வீட்டுக்குப் போய் என்ன ஆயிற்று என்று கேட்கட்டும். கற்றல் பற்றி வரப்போரம் சொன்னதும் நியாயம். ஆனால் நல்ல ஆசிரியரைப் போட்டாலும் வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு அவரால் என்ன சொல்லித்தர முடியும்?

வரப்போரம்:
அப்படியென்றால் தொடக்க வகுப்புகளை விட்டுவிட்டு ஏழாம் வகுப்பிலிருந்து கொடுங்கள், மிச்சப்படும் காசு ஆசிரியருக்குப் போகட்டும். இன்னொன்று, வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். கொலம்பியாவின் போகோட்டாவில் உதவி கிடைக்காத உடன்பிறப்பின் படிப்பு பின்தங்கியது, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. நகரத்திலேயே அப்படி.

கரும்பலகை:
எல்லாப் பிள்ளைக்கும் என்பதை அப்படியே ஏற்கிறேன். ஏழிலிருந்து மட்டும் என்பதை எல்லா ஊருக்கும் ஏற்க முடியாது. மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகள் நின்றுவிடுகிற ஊரில் அங்கிருந்தே கொடுத்தாக வேண்டும். எந்த வகுப்பில் உதிர்கிறார்கள் என்று பள்ளிப் பதிவேட்டை வைத்து ஊர் ஊராகப் பாருங்கள், அதற்கு ஒரு வருடம் முன்னாலிருந்து பணம் தொடங்கட்டும்.