கிரிம்ப் என்பதற்கு 'நசுக்கல்' வேண்டாம், 'பூணிறுக்கல்' சரிவருமா?

வணக்கம்.

வாகன மின்வேலைக் கையேட்டின் சொற்பட்டியலில் கிரிம்ப் (வயரின் நுனியில் டெர்மினல் என்கிற இணைப்புத் தகட்டை மடக்கி இறுக்கிப் பொருத்தும் வேலை) என்பதற்கு நேராக 'நசுக்கல்' என்று போட்டிருப்பதைப் பார்த்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. இந்த உரையாடலில் அக்கா ஒருவர் அதற்கு மாற்றாக 'நெரிப்பு' என்றார்கள், ஐயா ஒருவர் 'அழுத்தி மடித்தல்' என்று விளக்கமாகவே எழுதிவிடலாம் என்றார். இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். பட்டறையில் பையன்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்த ஒன்று. நண்பர் ஒருவரின் லோடு வண்டியில் வலதுபக்க ஹெட்லைட் மங்கலாகவே எரிந்தது. பல்பை இரண்டு தடவை மாற்றினார்கள். பல்பு ஹோல்டர் கருகி உருகியதால் அதையும் மாற்றினார்கள். மறுபடியும் அதே கதை. நான் போய் லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறுமுனையை அந்த வயர் போய்ச் சேரும் தகட்டிலும் வைத்துப் பார்த்தேன், 1.4 வோல்ட் காட்டியது. ஒழுங்கான இணைப்பில் அந்த இடத்தில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் இழப்பு இருக்கும். நாலரை ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் போகிற இடம் அது. 1.4-ஆல் பெருக்கினால் 6 வாட்டுக்கு மேல் வெப்பம், சுண்டுவிரல் நகம் அளவுள்ள தகட்டில்! ஹோல்டர் உருகாமல் என்ன செய்யும்? வெளிச்சமும் வோல்ட்டேஜ் குறைகிற அளவோடு நிற்பதில்லை, 10 சதவீதம் வோல்ட்டேஜ் குறைந்தால் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். வயரைப் பிடித்து லேசாக இழுத்தேன், தகடு அங்கேயே நிற்க வயர் மட்டும் கையோடு வந்துவிட்டது. யாரோ சாதாரண கட்டிங் பிளேயரை வைத்து அமுக்கியிருக்கிறார்கள். பாதி இழைகள் பிளேயர் பட்ட இடத்தில் அறுந்திருந்தன, மீதி இழைகள் தளர்வாக, களிம்பு பிடித்துப் பச்சையாக.

அந்த வேலையைச் செய்தவர் நிச்சயம் 'நசுக்கி'யிருந்தார். என் தகராறு அந்தச் சொல்லோடுதான். கற்றுக்கொள்ள வருகிற பையன் சொல்லைக் கேட்டுத்தான் கையை அசைப்பான். நசுக்கு என்றால் நசுக்குவான். நெரிப்பு என்றால் கழுத்தும் கரும்பும் நினைவுக்கு வரும், இரண்டிலும் உள்ளே இருப்பது சிதைகிறது. கிரிம்பில் உள்ளே இருக்கும் செம்பிழைகள் ஒன்றுகூட அறக்கூடாது, அதே சமயம் இழைகளுக்கு நடுவே காற்றுப் புகும் இடமும் இருக்கக்கூடாது. நன்றாகச் செய்த ஒன்றைக் குறுக்கே அறுத்து மெருகேற்றி உருப்பெருக்கியில் பார்த்தால் உருண்டையான இழைகள் ஒன்றோடொன்று பொருந்தித் தேனடை அறைகளைப் போல மூலை மூலையாக நெருங்கி உட்கார்ந்திருக்கும். அந்த நெருக்கத்தில் காற்றும் ஈரமும் நுழையாது, அதனால் பல வருஷம் தாங்கும். குறைவாக இறுக்கினால் இடைவெளி, அதிகம் இறுக்கினால் அறுந்த இழை. ஆகவேதான் தொழிற்சாலைகளில் இறுக்கிய பிறகு அதன் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளக்கிறார்கள்.

சரி, என்ன சொல் வைப்பது? நான் முன்வைப்பது 'பூணிறுக்கல்'. உலக்கையின் அடியில் போடும் இரும்பு வளையம் பூண். தச்சரின் உளிப்பிடியிலும், தாத்தாக்களின் கைத்தடி நுனியிலும் அதே பூண்தான். மரத்தைச் சுற்றிக் கட்டியணைத்து, எத்தனை அடி விழுந்தாலும் பிளக்கவிடாமல் வைத்திருப்பது அதன் வேலை. பல இழைகளை ஒரு தகடு சுற்றிவளைத்துப் பிடித்து, வண்டி எவ்வளவு அதிர்ந்தாலும் ஒரே கட்டாக வைத்திருப்பது இங்கே வேலை. பூண் செருகிப் போடுவது, இது மடக்கி இறுக்குவது, அந்த வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் வெறும் பூண் என்று விடாமல் இறுக்கலையும் சேர்த்தேன்.

இன்னொரு லாபம், உட்பகுதிகளுக்கும் பெயர் தானாக வந்துவிடுகிறது. வாகன டெர்மினலின் வால்பகுதியைக் கவனித்தால் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கும். முன்னால் இருப்பது உரித்த செம்பை மட்டும் பிடிக்க வேண்டும், அது கம்பிப் பூண். பின்னால் இருப்பது பிளாஸ்டிக் உறையைப் பிடிக்க வேண்டும், அது உறைப் பூண். மின்சாரம் கம்பிப் பூண் வழியாகப் போகிறது, இழுவையும் ஆட்டமும் உறைப் பூணில் நின்றுவிடுகிறது. நான் பார்த்த கெட்ட வேலைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் குழப்பியதால் வந்தவை: வயரை அதிகம் உரித்து உறைப் பூணும் செம்பையே பிடிக்கும், அல்லது குறைவாக உரித்து கம்பிப் பூண் உறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டு பூண்களுக்கும் நடுவே உள்ள சின்ன ஜன்னலில் செம்பும் தெரிய வேண்டும், உறையின் விளிம்பும் தெரிய வேண்டும், முன்பக்கம் இழைகளின் நுனி மயிரிழை அளவு எட்டிப்பார்க்க வேண்டும், கம்பிப் பூணின் பின்விளிம்பு நாதஸ்வர அணைசுபோல லேசாக விரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த விளிம்பே கத்தியாகி இழையை அறுக்கும். இதையெல்லாம் 'நசுக்கல் பகுதி 1, நசுக்கல் பகுதி 2' என்று எப்படி எழுதுவது?

தம்பி ஒருவர் கேட்டிருந்தார், கண்ட்ரோல் பேனல்களில் வயர் நுனியில் மாட்டும் குட்டிக் குழாய்க்குத்தானே பூண் பொருந்தும், குழப்பம் வராதா என்று. அந்தக் குழாய் பூணேதான், அதை அப்படியே பூண் என்போம். அதை இறுக்குவதும் பூணிறுக்கல்தான். பொருளுக்கு ஒரு சொல், செயலுக்கு அதிலிருந்து பிறந்த சொல், மோதல் எதுவும் இல்லை. உலக்கையைப் பார்க்காத பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும் என்பதற்கு என்னிடம் இருக்கிற பதில், ஓர் உளியை எடுத்துக் காட்டிவிடுங்கள். பட்டறையில் உளி இருக்கும்.

கருவிக்கு 'பூணிடுக்கி' என்று வைத்துக்கொள்ளலாம். ராட்செட் உள்ளதையே வாங்கச் சொல்லிக் கையேட்டில் அழுத்தி எழுத வேண்டும், முழுதாக இறுகும்வரை அது வாயைத் திறக்காது, கை அலுத்துப் பாதியில் விட முடியாது. அது கையில் இருந்தாலும் வயரின் தடிமனுக்கும் அந்த டெர்மினலுக்கும் உரிய அச்சுப் பள்ளத்தில் வைக்காவிட்டால் பயனில்லை.

சோல்டர் வைத்துவிட்டால் பூணிறுக்கலே தேவையில்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வண்டியில் அது ஆபத்து. உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஏறி உறைக்குள்ளும் போய்விடும், அது போய் நின்ற இடம்வரை வயர் குச்சி மாதிரி விறைத்து, குச்சி முடிகிற இடத்தில் அதிர்வு பட்டுப் பட்டு முறியும். (சோல்டருக்குப் பட்டியலில் 'பற்றாசு' வைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆசிடை நேரிசை வெண்பாவில் இடையே ஒட்டவைக்கும் அசையாக வரும் ஆசு அதுதானே, பொற்கொல்லரிடமிருந்து யாப்புக்குப் போன சொல் இப்போது பட்டறைக்குத் திரும்பி வருகிறது.)

கனெக்டருக்கு 'இணைப்பான்' என்று இருப்பதை அப்படியே விடலாம். பட்டறையில் எல்லாரும் கப்ளர் என்றுதான் சொல்வார்கள், கையேட்டில் முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் போதும். செம்பில் பிடிக்கும் பச்சைக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், களிம்பு என்று நம் வீட்டுப் பாத்திரங்களே சொல்லித் தருகின்றன.

புதுச்சொல் கட்டாயம் தேவைப்படும் இன்னொரு இடம் ஃப்ரெட்டிங். பட்டியலில் இதற்கு 'உராய்வு' என்று மட்டும் இருக்கிறது, அது போதாது. டெர்மினல்களின் மேல் ஈயம்போல் பளபளக்கும் பூச்சு இருக்குமே, அது வெள்ளீயம். எஞ்சின் அதிர்விலும், சூடாகிக் குளிர்வதிலும் ஆண் டெர்மினலும் பெண் டெர்மினலும் பொருந்திய இடத்தில் கண்ணுக்கே தெரியாத அளவு அசைவு இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு அசைவிலும் வெள்ளீயம் கொஞ்சம் தேய்ந்து, தேய்ந்த தூள் ஆக்சைடாகி, கறுப்புப் புள்ளியாக அங்கேயே தங்கும். அந்தத் தூளில் மின்சாரம் போகாது. 'கப்ளரைக் கழற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது' என்று சொல்வார்களே, மாட்டும்போது அந்தத் தூள் வழித்து விலகுகிறது, அதனால் சரியானதுபோல் இருக்கும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். இதற்கு 'அசைவரிப்பு' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். அசைவு காரணம், அரிப்பு விளைவு. காரணம் பெயரிலேயே இருந்தால் தீர்வும் தெரியும்: அசைவை நிறுத்து. வயரிங் கிட் எனப்படும் வயர்க் கொத்தைக் கிளிப் போட்டுக் கட்டு, தளர்ந்துபோன பெண் டெர்மினலை மாற்று, இணைப்பானின் இரண்டாம் பூட்டை (டெர்மினல் பின்னுக்கு நழுவாமல் பிடிக்கும் கூடுதல் பூட்டு) போடாமல் விடாதே. தங்கப் பூச்சுள்ள டெர்மினலோடு வெள்ளீயப் பூச்சுள்ளதைச் சேர்க்காதே என்பதையும் இந்த இடத்திலேயே எழுத வேண்டும், அந்த ஜோடியில் அசைவரிப்பு சீக்கிரம் வரும்.

இரண்டாம் பூட்டு பற்றி ஒரு வரி. டெர்மினலைக் கூட்டுக்குள் தள்ளும்போது 'டிக்' என்று கேட்க வேண்டும், கேட்டபின் வயரை லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும், அதன்பிறகுதான் இரண்டாம் பூட்டு. பூட்டு உட்கார மறுத்தால் உள்ளே ஏதோ ஒரு டெர்மினல் முழுதாகப் போகவில்லை என்று அது சொல்கிறது, சுத்தியலால் தட்டி உட்காரவைக்கக் கூடாது.

இணைப்பானில் தடவும் கிரீஸுக்கு 'மின்கடத்தாக் கிரீஸ்' என்று இருப்பது அருமை, மாற்றிவிடாதீர்கள். அது கரண்டைக் கடத்தும் என்று நினைத்து அப்பி வைப்பவர்கள் ஏராளம். தண்ணீரை வெளியே நிறுத்துவதற்கும் ரப்பர் வளையம் காயாமல் இருப்பதற்கும்தான் அது, மெல்லிய பூச்சு போதும். பேட்டரி முனையில் தடவும் வாஸ்லினை இங்கே கொண்டுவந்தால் பல வகை ரப்பர் ஊதிவிடும்.

கடைசியாக, ஊசியால் வயரின் உறையைக் குத்திச் சோதிக்கும் பழக்கத்துக்கு எதிராக ஒரு பத்தி இருந்தது, முந்தைய வரைவில் பார்த்தேன், இப்போது காணவில்லை. தயவுசெய்து திரும்பச் சேருங்கள். அந்த ஓட்டை வழியாக ஈரம் போய் இழையோடு உள்ளேயே நடந்து, குத்திய இடத்திலிருந்து தூரத்தில் களிம்பு பிடித்துக் கிடக்கும், தேடுகிறவனுக்கு வெளியே எதுவும் தெரியாது. இணைப்பானின் பின்பக்கமாக, வயர் நுழையும் வழியில் மெல்லிய முனையை விட்டுச் சோதிப்பதே முறை. இதற்கு 'பின்வழிச் சோதனை' என்று எழுதியிருக்கிறேன், இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். சூடுபட்டால் சுருங்கி வயரைப் பிடிக்கும் குழாய்க்கும் இன்னும் பெயர் இல்லை. 'சுருங்குறை' என்று எழுதிப் பார்த்தேன், சுருங்கு, உறை இரண்டும் சேர்ந்தது, ஆனால் வாசிக்கும்போது 'குறை' என்று காதில் விழுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.